அடி தாங்கும் பை

புது ரெக்சின் வாடை. எந்த ஊரானாலும் சரி, ஒரு பைக்கடைக்குள் கால் வைத்தால் பசையும் பிளாஸ்டிக்கும் பழைய செய்தித்தாளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறும். ஏறிய மறுகணம் என் வலது தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஓங்கிய கை இறங்கப்போகிறது என்று அதற்கு ஒரு நினைப்பு. நான் அந்த வீட்டை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தோளுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் வீடு. முன்பக்கம் லாட்ஜ், பின்பக்கம் நாங்கள் மூன்று பேர்: அவர், நான், ஒன்பது வயதில் மகள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அவர் ரூம் விடுவார். வாசலில் எண்ணெய்ப் பாக்கெட்டும் சீயக்காய்ப் பாக்கெட்டும் சரம் சரமாகத் தொங்கும். சிரித்த முகம். தங்கமான மனுஷன் என்று மதுரைக்காரர்கள் சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். கார் வளைவில் மறைந்ததும் அந்தச் சிரிப்பைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருவார். சாரல் நாட்களில் மலையே இடிந்து விழுகிற மாதிரி தண்ணீர் இரையும். ஊர் உலகமெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்கத்தான் வந்தது. என் சத்தம் அதற்குள் விழுந்து, நுரையாகி, ஓடையோடு இறங்கிப் போய்விடும்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் கதவு நிலையில் என்னைச் சாய்த்து வலது கையைப் பின்னால் முறுக்கினார். குழம்பில் உப்பு கூடியிருந்தது. தோளுக்குள் ஈர விறகு ஒடிகிற ஓசை கேட்டது. தென்காசியில் டாக்டரிடம், வழுக்கி விழுந்தேன் என்றேன். குற்றாலத்திலிருந்து வருகிறவள் வழுக்கி விழுந்தேன் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பாசி இருக்கிறது, பாறை இருக்கிறது, பழி போட எவ்வளவு வசதியான ஊர்.

அதே ஆடியில் முடிவு செய்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. திரும்பி வராமல் போவது.

வழி, நான் வேலை பார்த்த, மகளும் படித்த பள்ளிக்கூடத்தின் சுற்றறிக்கையில் வந்தது. காலாண்டு லீவுக்கு முன்னால் பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகிறார்கள். ஒரே நாள். துணைக்கு இரண்டு டீச்சர்கள்: பி.டி. டீச்சர், நான். பார்க் வாசலில் திருவனந்தபுரம் பஸ் நிற்கும். அங்கே ஒரு பள்ளியில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவளும் பி.டி. டீச்சர்தான். கழுத்தில் விசில், காலில் ஷூ, வாயில் எப்போதும் ஒரு ஏச்சு. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"வெறுங்கையோட வந்தா அங்கன ஆயா வேலைதான் தருவான். சர்டிபிகேட்டு வேணும். பிள்ளைக்குப் பொறப்புச் சான்றிதழு வேணும். எப்படியாச்சும் கொண்டாந்துரு."

எப்படியாச்சும் என்பதுதான் பை.

அவர் என் பையைத் திறந்து பார்க்காமல் என்னை வாசலைத் தாண்ட விட்டதே இல்லை. டிபன் டப்பாவைக்கூடத் திறப்பார். ஆகவே பார்க்குக்குப் போகிறவளின் பையாக அது இருக்க வேண்டும், வேறு எதுவாகவும் தெரியக் கூடாது. ஒற்றை வாரை வலது தோள் தாங்காது. இரண்டு வார் வேண்டும். வார் அகலமாக, உள்ளே பஞ்சு வைத்து, எலும்பை அறுக்காமல் இருக்க வேண்டும். ஓடும்போது முதுகோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். சௌகரியமான பை என்று விளம்பரங்களில் சொல்வார்களே, எனக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று அந்த விளம்பரக்காரனுக்குத் தெரியாது.

தென்காசிக் கடைவீதியில் அந்தக் கடை. அவரும் கூட வந்தார். நான் தனியாகப் பை வாங்குவதா? கூரையிலிருந்து பைகள் வௌவால்கள் மாதிரி தொங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து உப்ப வைத்திருந்தார்கள். கடைக்காரர் அறுபது வயதுக்காரர். நீளக் கொக்கியால் ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார்.

"இந்தா, இத எடு. சின்னதா, லெட்சணமா இருக்கு." என் வீட்டுக்காரர் நீட்டியது உள்ளங்கை அகலத்தில் ஒரு கைப்பை.

"பிள்ளைக்கு மாத்துத்துணி வைக்கணும், துண்டு வைக்கணும். ரெண்டு தோளுலயும் மாட்டுதது இருந்தா நல்லது."

"ஏட்டி, நீ என்ன இமயமலைக்கா போற?" கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீயளா அண்ணாச்சி, கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஆவுது. இவளுக்குக் காலேஜு பேக்கு கேக்கு!"

கருநீலப் பை ஒன்றைத் தூக்கி உள்ளங்கையால் கீழே தட்டிப் பார்த்தேன். பைக்கடையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"அண்ணாச்சி, இது அடி தாங்குமா?"

பையின் கீழ்ப்பக்கத்துக்கும் முதுகில் விழுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இத்தனை காலம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று தெரியவில்லை. அவர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அடியெல்லாம் நல்லாத் தாங்குவா அண்ணாச்சி. அதுக்கு நான் கேரண்டி."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் வீட்டுக்குப் போனதும் ஏன் சிரிக்கவில்லை என்று ஒன்று தொடங்கும். கடைக்காரர் சிரிக்கவில்லை. என் முழங்கைக்கு மேலே மஞ்சளாகிப் பழுத்திருந்த இடத்தை ஒரு நொடி பார்த்தார். கொக்கியை மூலையில் சாத்தினார்.

லாட்ஜிலிருந்து போன் வந்தது. அவர் கடைப்படியில் இறங்கி நின்று பேசத் தொடங்கினார். கடைக்காரர் பையின் வயிற்றிலிருந்த காகிதத்தை உருவி எடுத்து, உள்ளே கையை விட்டு அடியை அழுத்திக் காட்டினார்.

"ரெண்டு அட்டை போட்டுத் தச்சது தாயி. மேலட்டையை ஓரமா நெம்புனா வந்துரும். ரெண்டுக்கும் எடையில காயிதம் கீயிதம் வச்சா மடங்காது, நனையாது. மேல துணிய அடுக்கிட்டா அப்படி ஒரு எடம் இருக்கதே தெரியாது." குரலை இறக்கவில்லை, வழக்கமாகச் சரக்கைப் புகழ்கிற குரல்தான். "வாரு மட்டும் இருங்க, இன்னொரு தையல் போட்டுத் தாரேன்."

தெரிந்து சொன்னாரா, எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

போகிற அன்று விடிகாலையில் அவர் வழக்கம்போல அருவிக்குக் குளிக்கப் போனார். தண்ணீரில் விழுந்துவிடும் என்று பீரோ சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். எடுத்தேன். என் பட்டச் சான்றிதழ், பி.எட்., மகளின் பிறப்புச் சான்றிதழ். அட்டையை நெம்பி, வைத்து, அழுத்தி, மேலே துண்டும் மாற்றுத்துணியும் சீப்பும் தண்ணீர் பாட்டிலும் அடுக்கினேன். மகள் ஹாரன் அடித்த வேனுக்கு முதல் ஆளாகத் தெருமுனைக்கு ஓடிவிட்டாள். நான் பையை மாட்டும்போது அவர் ஈரத் தலையோடு உள்ளே வந்தார்.

"கொண்டா."

ஜிப் இழுபட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார். துண்டு. துணி. சீப்பு. பாட்டில். நின்றார்.

"எண்ணெ எங்கட்டி?"

எங்கள் ஊரில் யாரும் எண்ணெய் இல்லாமல் தண்ணீர் இருக்கும் திசைக்கே திரும்ப மாட்டார்கள். பிள்ளைக்கு உச்சியில் வைக்க ஒரு சின்னக் குப்பியாவது பையில் கிடக்கும். ராத்திரி பகலாக அட்டையையும் வாரையும் ஜிப்பையும் யோசித்தவள், குளிக்கப் போகிறவளாக நடிக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

"தண்ணிக்குப் போறவ எண்ணெ இல்லாம போவாளா? எங்க போற நீ?"

"அங்கன எண்ணெ தேச்சுக் குளிக்க விட மாட்டாங்க. போர்டு போட்டிருக்காம்."

அரை நொடி தாமதித்துச் சொன்னேன். அந்த அரை நொடி போதும் அவருக்கு.

வாரை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு பையாலேயே அடித்தார். முதல் அடி காதுக்கு மேல். நான் படித்த படிப்பெல்லாம் அட்டையோடு சேர்ந்து வந்து மண்டையில் இறங்கியது. இரண்டாவது தோளில், சரியாக அதே தோளில், கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. எப்போதும் முகத்தை மூடிக்கொள்கிற கைகள் அன்றைக்கு மூடவில்லை. என் கண் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓங்கும்போது அதன் மூலைகள், இறங்கும்போது அதன் தையல். பிரியாதே. பிரியாதே. மூன்றாவது, நான்காவது. நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். காதிலிருந்து சூடாக ஏதோ கழுத்துக்கு இறங்கியது. பை பிரியவில்லை.

"ஏட்டி! வண்டி நிக்கி, எவ்வளவு நேரம்!" வாசலில் பி.டி. டீச்சரின் குரல்.

அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு வேகமாக வந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"வாங்க டீச்சர், காப்பி குடிக்கீயளா? இவ எண்ணெய மறந்துட்டா. அதான் எடுத்துக் குடுக்கேன்." எண்ணெய்க் குப்பியைப் பைக்குள் திணித்து, துணிகளை அள்ளிப் போட்டு, ஜிப்பை மூடி, அவரே என் தோள்களில் மாட்டிவிட்டார். "பாத்துப் போ. வழுக்கும்."

டீச்சர் என் கழுத்தைப் பார்த்தாள். தன் துப்பட்டாவை எடுத்து என் காதைச் சுற்றிப் போட்டுவிட்டு, என் முன்னால் நடந்தாள்.

கேரள எல்லையில், புளியறை சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் வேன் நின்றது. ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தபோது, வீட்டிலிருந்து அவர் போன் செய்துவிட்டார், முடிந்தது என்றே நினைத்தேன். போலீஸ்காரர் பிள்ளைகளுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். மலை ஏறியது, இறங்கியது. பார்க் வாசலில் பையைச் சோதித்த பெண் எண்ணெய்க் குப்பியை எடுத்து, உள்ளே கூடாது சேச்சி என்று குப்பைத் தொட்டியில் போட்டாள். போர்டும் இருந்தது. என் பொய் உண்மையாகிவிட்டதில் எனக்கு அழுகை வந்தது.

உள்ளே அலறல். பிள்ளைகள் வரிசையில் நின்று, தங்கள் முறை வந்து, உச்சியிலிருந்து குழாய் வழியாக அலறிக்கொண்டே விழுந்து, எழுந்து, மறுபடி வரிசைக்கு ஓடினார்கள். பயப்படுவதற்கு இவ்வளவு ஆசை. என்னால் அதைக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு அலறலுக்கும் உடம்பு துள்ளியது. பையை மடியில் கட்டிக்கொண்டு ஒரு சிமெண்டு காளானுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்குப் பஸ். மகள் மிகப் பெரிய சறுக்குக்கு வரிசையில் நின்றிருந்தாள், ஒரு மணி நேரமாக. அவளுக்கு முன்னால் நான்கு பேர்தான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா, போணும்."

"நான் வரல. என் டேர்ன் வந்துட்டு!"

"வாட்டி."

"வர மாட்டேன்! அப்பாட்ட சொல்லுதேன்!"

மணிக்கட்டில் கடித்தாள். பல் இறங்கியது. நான் அவளை அறைந்தேன்.

முழுக் கையும் வீசி. ஈரக் கன்னத்தில் அது விழுந்த சத்தத்தில் வரிசையே திரும்பியது. அவரிடம் நான் வாங்கியதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஒன்றை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். அதை என்னிடமிருந்துதான் கற்றிருந்தாள்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். "இனி நம்ம அந்த வீட்டுக்குப் போவல. நீயும் நானும் மட்டும் வேற ஊருக்குப் போறோம். சர்டிபிகேட்டெல்லாம் பையில இருக்கு."

என் காதைச் சுற்றியிருந்த துப்பட்டாவைப் பார்த்தாள்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? நான் வரிசையிலயே நின்னுருக்க மாட்டேன்லா."

அவள் முன்னால் நடந்தாள், கன்னத்தில் என் நான்கு விரல்களோடு.

வாசலில் பி.டி. டீச்சர் காத்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வேனில் ஏறியதும் பைக்குள் போட்டிருந்த என் போன் அடித்தது, அவர்தான். டீச்சர் பையைத் திறந்து போனை எடுத்து, அணைத்து, தன் டிராக் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். என் வார்களை இழுத்து இறுக்கிவிட்டாள், வலதை மட்டும் கொஞ்சம் தளர்த்தி.

"அக்கா, அவர் ஒங்கள சும்மா விட மாட்டாரு," என்றேன்.

"ஏறுட்டி. நாலு மணிக்கு விசில் அடிச்சுத்தான் தலைய எண்ணுவேன். அது வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான் கெடக்கீங்க."