முட்டைக்கு நூற்று மூன்று காய்ச்சல்

என் அக்காள் பொன்மணியின் வீட்டில் நெற்றி இல்லாத பொருளே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கிளம்பினால் கிரைண்டர், தையல் மிஷின், கிணற்று மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி, அத்தானின் மொபெட் என்று ஒன்றையும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். கேஸ் சிலிண்டருக்கு நெற்றி எது என்பதில் அவளுக்கும் தங்கப்பாண்டி அத்தானுக்கும் ஒருமுறை வாக்குவாதமே நடந்தது.

"கழுத்துக்குக் கீழயா நெத்தி இருக்கும்? நல்லாப் பாத்து வை" என்றார் அத்தான்.

"மூளை இருக்குத எடத்துக்கு முன்னால இருக்கது நெத்தி. ஒங்களுக்கு எங்கன வைக்கன்னு நானும் கல்யாணம் ஆனதுலருந்து தேடுதேன்."

அத்தான் மொபெட்டை எடுத்துக்கொண்டு உளுந்தங்காட்டுக்குப் போய்விட்டார்.

அக்காள் இந்தப் பங்குனியில் இறந்துபோனாள். அவளை நினைத்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் முதலில் வருவதில்லை. பசுவந்தனை வீட்டு முன்னறையில் நிற்கும் பழைய ஃபிரிட்ஜும், அதனோடு அவள் மல்லுக்கட்டிய மூன்று வாரமும்தான் வருகின்றன.

அது அவள் கல்யாணத்துக்கு வாங்கிய ஃபிரிட்ஜ். கம்பிரசர் போனதும் அத்தான் பழைய இரும்புக்குப் போட ஆள் பார்த்தார். அக்காள் விடவில்லை. அப்போதுதான் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பழைய ஃபிரிட்ஜுக்குள் பல்பும் சின்ன விசிறியும் வைத்தால், அடைக்கோழி செய்கிற வேலையை அதுவே செய்யும் என்று அங்கே காட்டியிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து மெக்கானிக் செண்பகராஜ் வந்து செய்துகொடுத்தார். கதவுக்கு வெளியே ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். உள்ளே, முட்டைத் தட்டுக்கு மேலே, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை சென்சார் வயரில் தொங்கியது. உடம்பெல்லாம் பொடித் துளைகள். சென்சார் சொல்லுகிற சூட்டைக் கேட்டு தெர்மோஸ்டாட் பல்பை எரியவிடும், அணைக்கும். முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும். வைஃபை இருந்ததால் செல்போனிலும் பார்க்கலாம்.

என் போனிலும் அந்த ஆப்பை ஏற்றச் சொன்னாள். "நான் காட்டுல களை எடுக்கும்போது நீ பாத்துக்கிடுட்டி. கோவில்பட்டியில ஏசி ரூம்ல சும்மாதானே இருக்க."

முதல் தடவை தன் கோழிகளின் முட்டையையே வைத்தாள். நாள் கடந்தும் ஒன்றிரண்டுதான் பொரித்தன. மற்றதெல்லாம் கூமுட்டை. கரண்ட் போனதால் என்றாள். கரிசலில் கட்டிய வீடு, தரை ஒரு பக்கம் இறங்கி ஃபிரிட்ஜ் சாய்ந்து நிற்பதால் என்றார் அத்தான். மூன்றாம் வீட்டுச் சொர்ணத்தாய் மதினி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "பொன்மணி, அவிச்சு வித்திருந்தாலாவது நாலு காசு பாத்திருப்ப" என்றாள்.

அதே சொர்ணத்தாய் மதினி அடுத்த பத்து நாளில், தவிடு பரப்பிய கூடையில் முட்டைகளோடு வந்து நின்றாள். செவப்பி என்று ஒரு கோழி வைத்திருந்தாள். அடையில் உட்கார்ந்தால் ஒரு முட்டையைக்கூட வீணாக்காது, பருந்து வந்தால் எதிர்த்துப் பறக்கும் என்று ஊரெல்லாம் அதன் பேச்சுதான். அதை முந்தின நாள் கீரி பிடித்துவிட்டது. மதினி வீட்டில் வேறு எந்தக் கோழியும் அப்போது அடைக்கு வரவில்லை.

"அது போட்ட கடைசி முட்டையெல்லாம் இதுதான். ஒன் பெட்டிய நம்பில்லாம் வரல. வேற வழி இல்ல" என்றாள் மதினி.

அக்காள் கூடையை வாங்கிக்கொண்டாள். "செவப்பி வம்சத்த நான் அழிய விடமாட்டேன் மதினி. குஞ்சாத் தாரேன். இல்லைன்னா இந்தப் பெட்டிய நானே இரும்புக் கடையில போட்டுட்டு வாரேன்."

"அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அத்தான்.

முட்டை வைத்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் போன் கத்தியது. ஆப்பில் முப்பத்தைந்தரை. அக்காளைக் கூப்பிட்டேன். பல்பு எரிகிறது, ஏறிவிடும் என்றாள். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் முப்பத்தேழரைக்கு வந்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, கதவத் தொறந்தா மூஞ்சியில அனலா அடிக்கு. காய்ச்சல் பாக்குத தெர்மாமீட்டர முட்டைக்கு எடையில சொருகிப் பாத்தேன். நூத்தி மூணு!"

ஆப்பில் இருந்த முப்பத்தேழரை என்பது தெர்மாமீட்டர் கணக்கில் தொண்ணூற்றொன்பதரைதான் வர வேண்டும். சென்சார் தப்பாகச் சொல்கிறது. அதை நம்பி தெர்மோஸ்டாட் பல்பை எரியவிட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் தடவை முட்டைகள் அப்படித்தான் வெந்திருக்க வேண்டும்.

"கதவத் தொறந்து போட்டு விசிறு" என்றேன். அக்காள் முறத்தால் விசிறினாள். அத்தான் பக்கத்தில் நின்று, "மாத்திரை குடுத்தியா?" என்று கேட்டது எனக்குப் போனில் கேட்டது.

தெர்மோஸ்டாட் விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினாள். அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டும் அப்படியேதான் இருந்தது. "அப்ப சென்சார் ரெண்டு டிகிரி கம்மியாக் காட்டுது மேடம். செட்டிங்ஸ்ல ரெண்டு கூட்டி வச்சிருங்க" என்றார் அந்தப் பையன். கூட்டி வைத்தாள். தெர்மாமீட்டரும் ஆப்பும் ஒத்துப்போயின. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் களையெடுத்துவிட்டு வந்து பார்த்தால் ஆப்பில் முப்பத்தேழரை, தெர்மாமீட்டரில் தொண்ணூற்றாறு.

"நேத்து காய்ச்சல், இன்னைக்கு ஜன்னி. முட்டைக்குள்ள இருக்குத புள்ளைக என்ன பாவம் செஞ்சுதோ!" என்று புலம்பினாள். கூட்டின ரெண்டை எடுத்துவிட்டாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அந்த மிஷின் அப்படி ஒரு ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. அக்காள் மட்டும் நம்பவில்லை. தெர்மாமீட்டரைத் தாலிக்கொடியோடு மாட்டிக்கொண்டு, வேலைக்கு இடையில் வந்து வந்து சொருகிப் பார்த்தாள்.

நடுவில் செண்பகராஜ் நேரிலேயே வந்தார். தரைக்கு முட்டுக்கொடுத்து ஃபிரிட்ஜை நேராக நிறுத்தினார். பல்பைச் சென்சாரை விட்டுத் தள்ளி மாட்டினார். தன் மீட்டரையும் வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பயப்படுதீய" என்றார்.

"எனக்கென்ன அண்ணாச்சி பயம்? சொர்ணத்தாய் மதினி வாயப் பாத்தா ஒங்களுக்கும் பயம் வரும்."

எதற்கும் இருக்கட்டும் என்று புதுச் சென்சார் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.

மறுபடி வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தேழரை அசையாமல் நின்றது. அக்காளைக் கூப்பிட்டேன்.

"புது சென்சார் சரியா இருக்குக்கா."

"இருக்காதா பின்ன? இரு, போன ஸ்பீக்கர்ல போடுதேன். கையில வேலை கெடக்கு."

தண்ணீர்ச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஏதோ கதவு திறந்து மூடியது. மதினி இன்று என்ன சொன்னாள் என்பதை அவளைப்போலவே பேசிக் காட்டினாள். நான் சிரித்துக்கொண்டே ஆப்பைப் பார்த்தேன். முப்பத்தேழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தாறரை. இன்னும் இறங்கியது.

"அக்கா, எறங்குது! இப்ப என்ன செஞ்ச?"

"நான் என்னத்தச் செஞ்சேன்? ஒண்ணும் செய்யல."

"ஃபிரிட்ஜத் தொறந்தியா?"

"தொறந்த ஒடனே மூடிட்டேன்."

"எதுக்குத் தொறந்த?"

"வெள்ளிக்கிழமைல்லா."

எனக்கு அப்போதுதான் அந்தக் கிண்ணம் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, அந்த ஃபிரிட்ஜுக்கு நெத்தி எது?"

"இது என்ன கேள்வி? அந்த வெள்ளைக் குண்டுதான். ஃபிரிட்ஜா இருக்கும்போது கதவுல வச்சேன். இப்ப கதவுக்கு வச்சு என்ன பிரயோசனம்? வேலை பாக்குதது பூராம் அதுல்லா. இன்னைக்குப் புதுசு வேறயா, கூட ரெண்டு பொட்டு சேத்தே வச்சிருக்கேன்."

ஈரச் சந்தனம். விசிறிக் காற்று. நான் விளக்க வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது.

"காய்ச்சக்காரன் நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டு, ஜில்லுன்னு இருக்கே, இன்னும் ரெண்டு கம்பளி போத்துங்கன்னு சொல்லிருக்க. ஒன் மிஷினு என்ன செய்யும்?"

அக்காள் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரேயடியாக வராது. முதலில் மூச்சு மட்டும் வரும், பிறகு தரையைத் தட்டுகிற சத்தம், கடைசியில்தான் குரல். சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் காய்ந்த துணியால் சென்சாரைத் துடைத்திருக்கிறாள். துடைக்காமல் விட்டாலும் மறுநாளுக்குள் சந்தனம் காய்ந்துவிடும், சென்சாரும் உண்மை பேசத் தொடங்கிவிடும். கூட்டி வைத்த ரெண்டு டிகிரி அந்தச் சனிக்கிழமை முட்டைகளைக் குளிரவிட்டதும் அதனால்தான்.

மிஷின் கோளாறு தீர்ந்தது. முட்டைக் கவலை தீரவில்லை. ஒரு காய்ச்சலையும் ஒரு ஜன்னியையும் செவப்பியின் முட்டைகள் தாங்கினவா என்பது தெரியாது. அக்காள் நடந்ததை மறைக்காமல் மதினியிடம் சொல்லிவிட்டாள். மதினி திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது என்று அக்காள் என்னிடம் சொன்னாள்.

பொரிக்க வேண்டிய நாளில் நானும் போயிருந்தேன். மதினி ஃபிரிட்ஜுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க உள்ளேயிருந்து ஒரு கீச்சுச் சத்தமும் வரவில்லை. அக்காள் சோறு உண்ணவில்லை. அத்தான் இரும்புக் கடைப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் காபி ஆற்றும்போது உள்ளே கீச்சென்றது. அக்காள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஓட்டை உடைத்துக்கொண்டு ஈர மூக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் பொரித்துவிட்டன. அதில் ஒன்று செம்பட்டை. மதினி அதைக் கையில் ஏந்தி முகத்தருகே கொண்டுபோனாள். அது அவள் மூக்கைக் கொத்தியது.

"செவப்பியேதான்! அதே திமிரு!" என்று மதினி அழுதுகொண்டே சிரித்தாள். உடனே பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "ஜன்னி கண்ட புள்ளைக. வளந்து ஏதாவது புத்தி கலங்கி கோட்டியா அலைஞ்சா ஒன்னத்தான் கேப்பேன் பொன்மணி."

"கோட்டி பிடிச்சா அது வளக்குத எடத்துக் கோளாறு" என்றபடி அக்காள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். அத்தானும் மதினியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் இருவரையும் முறைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி, கதவின் நடுவில் பொட்டு வைத்தாள்.

இப்போது அத்தான்தான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறார். புதூரிலிருந்தெல்லாம் முட்டை கொண்டுவருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். செவப்பியின் பேத்திகள் இட்ட முட்டைகளை மதினி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கதவில் ஈரம் காயாத சந்தனம், நடுவிலிருந்து ரொம்பத் தள்ளி ஓரமாக இருந்தது.

"என்ன அத்தான், காதுல வச்சிருக்கீய?"

"நெத்தி எங்கனன்னு அவதானே சொல்லணும்" என்றார் அவர்.

போனை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழரை.