நடாமல் கிடந்த மரவள்ளிக் குச்சிகள்

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு என் வீட்டுக்காரரை ஜப்பான்காரர்கள் கொண்டுபோனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மகளுக்கு இரண்டு. மலாக்காவில், காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் நிலம் கிடந்தது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மா, அதில் நடச் சொல்லி ஒரு கட்டு மரவள்ளிக் குச்சி கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த குடும்பம். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

நான் நடவில்லை. சோம்பல் இல்லை. கிழங்கு விளைய எட்டு மாதமாவது ஆகும், அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். நட்டுவிட்டால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம். வேலிக்கு அப்பால் நின்று அந்த அம்மா, “பேசோக் லாகி?” என்பார். இன்னும் நாளைக்குத்தானா என்று அர்த்தம். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு காலை, பங்கீட்டு அரிசி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள்.

“என்னைத் தெரியலையாக்கா?”

தெரியவில்லை. சரியான சாப்பாடு இல்லாமல் முகம் ஊதி, கால்கள் வீங்கியிருந்தன. குரலை வைத்துத்தான் கண்டுகொண்டேன். பக்கத்து ஊரான புக்கிட் பாருவில் இருப்பவள், என் கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிவிட்டவள். அவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“வீட்டுப் பக்கம் ஒண்ணும் நடலையா?” என்று கேட்டேன்.

“அவரு வந்து நடுவாருன்னு இருந்துட்டேன்க்கா.”

வீடு திரும்பும் வழியெல்லாம், அடுத்த வருஷம் அந்த வரிசையில் நிற்கப்போகிற என்னையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வீங்கிய காலோடு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “அன்னைக்கு என்னடி செஞ்சுக்கிட்டிருந்தே?” என்று அந்த அடுத்த வருஷத்துக்காரி என்னைக் கேட்டாள்.

அன்று மத்தியானமே மண்ணைக் கொத்தினேன். பாதிக் குச்சிகள் காய்ந்துபோயிருந்தன. செட்டி அம்மா வந்து, பட்டையைக் கீறிப் பால் கசிந்தவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுத்தார். பதினொன்று தேறின. அழுதுகொண்டேதான் நட்டேன்.

கிழங்கு விளைந்தது. நானும் மகளும் அதைத் தின்றுதான் பிழைத்தோம். முதலில் தோண்டியதில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு புக்கிட் பாருவுக்கு நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. அவள் செத்துப்போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

போர் முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களையெல்லாம் தேடிப் போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரர் எந்த முகாமில் இருந்தார் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.