கேன் நிறைந்தது, பம்பு பத்தவில்லை

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேரளத்து எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால், படிப்பு எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். பானெட்டைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் படுத்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். யார் காலையும் பிடித்து மேலே வந்தவனில்லை நான்.

என் மனைவியின் தம்பி என்னோடு பதினாறு வருஷம் வேலை பார்த்தான். கைசுத்தமான வேலைக்காரன். நாலு வருஷமாக ஒரு பழைய ஜப்பான் காரை ரேஸுக்கென்று தேற்றி வைத்திருந்தான். கோயம்புத்தூர் ரேஸ் டீம் ஒன்று அவனை மெக்கானிக்காக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நைட்ரஸ் பொருத்தினோம்.

நைட்ரஸ் என்பது டிக்கியில் ஒரு சிலிண்டர் வாயு. பட்டனை அமுக்கினால் இன்ஜினுக்குக் கூடுதல் மூச்சு கிடைக்கும். மூச்சு கூடுகிற அளவுக்கு, டேங்கிலிருந்து பம்பு தள்ளிவிடுகிற பெட்ரோலும் கூட வேண்டும். குறைந்தால் உள்ளே சூடேறிப் பிஸ்டன் உருகிவிடும்.

"மாமா, இது கம்பெனிப் பம்பு. நைட்ரஸுக்குப் பத்தாதுங்க. பெருசா ஒண்ணு போட்டரலாமுங்க" என்றான்.

"போன் வீடியோவுல எவனாச்சும் சொன்னானா?"

"இல்லீங்க, கேஜ் வெச்சு அழுத்தத்தையாவது பாத்தரலாமுங்க."

"எங்காது இருக்கையில கேஜ் எதுக்குடா?"

இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் ஓஸ் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டுப் பம்பை ஓடவிட்டேன். காலமெல்லாம் நான் பம்பு பார்த்த முறை அதுதான். பீய்ச்சி அடித்தது. பேசி முடிப்பதற்குள் கேன் நிறைந்தது.

"பாத்தியா மாப்ளே? இன்னொரு காருக்கும் சேத்து ஊத்தலாம்."

"நீங்க சொன்னாச் செரிங்க மாமா."

ரேஸ் ட்ராக்கில் முதல் ஓட்டத்தில் நைட்ரஸைத் தொடவில்லை, வண்டி பறந்தது. இரண்டாவதில் பட்டனை அமுக்கினான். பாதி தூரத்தில் புகை கிளம்பியது. இன்ஜின் நின்றே போனது. அங்கேயே பிரித்துப் பார்த்தோம். இரண்டு பிஸ்டன் தலை மெழுகு போல வழிந்திருந்தது.

டீம்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னங்ணா ஆச்சு?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "பெட்ரோல் கலப்படமுங்க. இவன் எங்கியோ போயி ஊத்தீட்டு வந்துட்டான்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாருமே விலை குறைவென்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டில்தான் பெட்ரோல் போடுவோம். அவனும் அப்படித்தான் போட்டிருந்தான். அதனால் என் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவன் என்னைப் பார்த்தான். பம்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தப் பெட்ரோல் போடுவதென்று தெரியாதவன் எங்களுக்கு எதற்கு என்று டீம்காரர் போய்விட்டார். மறுநாளிலிருந்து அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வாங்கிய கேஜை அந்தப் பம்பில் மாட்டினேன். ஓஸ் குழாயைத் திறந்து விட்டால் பழையபடி கேன் நிறைந்தது. ஓடுகிற இன்ஜினில் இருக்கிற அழுத்தம் வருமளவு முனையை நெருக்கினேன். அதே நேரத்தில் கேனில் பாதிகூட வரவில்லை. எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாதபோது எந்தப் பம்பும் வீரன்தான். என் காதுக்கு அது கேட்கவில்லை.

போன தையில் என் மகள் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்தான். தட்டு, மாலை, பட்டு, ஒன்றும் குறையில்லை. மாலை போட்டுவிட்டு நேராக வாசலுக்கு நடந்தான். பின்னாலேயே ஓடினேன். சொல்லிவிடத்தான் ஓடினேன்.

"ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போலாமுல்ல மாப்ளே" என்றுதான் வாயில் வந்தது.

"கலப்படக்காரனுங்க மாமா நான். பந்தியில உக்காந்தா உங்க சோறு கெட்டுப் போகுமுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வண்டியைக் கிளப்பினான். சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். பழுது ஒன்றும் இல்லை.

கேஜ் மேசை டிராயரில் கிடக்கிறது. மனைவி தன் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள். கொழிஞ்சாம்பாறையில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் பெட்ரோல்தான் கோளாறு என்பார்கள். நான் சொன்னதாயிற்றே, எவன் மாற்றிச் சொல்வான்?