ஏழு டன் லாரியை நிறுத்தும் தூண்

எங்கள் தொழிலில் விற்ற சாமான் ஒழுங்காக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு எதற்கு இதை வாங்கினோம் என்று வாங்கியவர் நம்மையே கேட்பார்.

தீயணைப்பான் விற்கிறவர்களுக்கும், ஹெல்மெட் விற்கிறவர்களுக்கும், இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளுக்கும் இந்த வலி நன்றாகத் தெரியும். உங்களையெல்லாம் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் விற்பது, லாரி வந்து மோதினாலும் உள்ளே விடாத வேலி, கேட், இரும்புத் தூண். என் பெயர் எஸ்தர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வாடிக்கையாளரிடம் வாயடிப்பது என் வேலை. குழி, கம்பி, கான்கிரீட் மூன்றும் ஃபோர்மேன் மூக்கன் அண்ணன் வேலை. அவர் திருவாதவூர்க்காரர். பதினாறு வருஷமாக ஒன்றாகவே அலைகிறோம்.

பன்னிரண்டு அடி உயரம்

மேலூர் ரோட்டில் ஒருவர் கேஸ் சிலிண்டர் குடோன் கட்டியிருந்தார். "பன்னெண்டு அடி உசரத்துக்கு வேலி போட்டுட்டேன், மேல முள்ளுக்கம்பியும் சுத்திட்டேன். இதுக்கு மேல என்ன பாதுகாப்பு?" என்று பெருமையாகக் காட்டினார். அது ஏறிக் குதிக்கிற ஆளைத் தடுக்கும் சார், ரோட்டை விட்டு இறங்கி வருகிற லாரியைத் தடுக்காது என்றேன். அவர் நம்பவில்லை. மூக்கன் அண்ணன் போய் ஒரு வேலிக்காலைப் பிடித்து ஒற்றைக் கையால் ஆட்டினார். பன்னிரண்டு அடியும் ஆடியது.

பிறகு குடோன்காரர் உட்கார்ந்து கேட்டார். உயரம் மனுஷனுக்கு, அஸ்திவாரம் லாரிக்கு என்று விளக்கினேன். அவருடைய வேலிக்குப் பின்னாலேயே இடுப்பளவு உயரத்தில் தடித்த எஃகு வடம் இழுத்து, அதைத் தாங்குகிற தூண்களைக் கான்கிரீட்டில் புதைத்துக் கொடுத்தோம். குடோன் திறப்பு விழாவுக்கு நாங்களும் போயிருந்தோம். அவருடைய மைத்துனர், "என்ன மாமா, துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கீக?" என்று கேட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் சொன்ன பதில்: "வேலி திருடனுக்கு, வடம் லாரிக்கு. இதெல்லாம் வெவரம் தெரிஞ்சவங்க சமாச்சாரம் மாப்ள, ஒனக்குப் புரியாது."

இருப்பதிலேயே பெரியது

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மில் முதலாளி. "எம்-30, எம்-40, எம்-50னு மூணு இருக்காமே. எனக்கு எம்-50 போடுங்க" என்றார். சட்டை சைஸ் மாதிரி நினைத்திருக்கிறார். அந்த எண் தூணின் சைஸ் இல்லை, மோதுகிற வேகம். ஏறக்குறைய ஏழு டன் லாரியை முப்பது மைல் வேகத்தில் மோதவிட்டு, தூண் அதை நிறுத்தினால் எம்-30. நம் கணக்கில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எம்-50 என்றால் எண்பது கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கு ஆனால் அடி நாலு மடங்கு ஆகும். அதனால் ஒவ்வொரு படிக்கும் குழியும் கம்பியும் எக்கச்சக்கமாக ஏறும்.

அவருடைய மில்லுக்கு மெயின் ரோட்டிலிருந்து ஒடித்துத் திரும்பி, கொஞ்ச தூரத்திலேயே கேட். அந்தத் திருப்பத்தில் எந்த லாரியும் எண்பதில் வர முடியாது, உங்களுக்கு எம்-30 போதும் என்றேன். பெரிய சாமானை வேண்டாம் என்று சொல்கிற விற்பனைக்காரியை அவர் அதுவரை பார்த்ததில்லை போல. சந்தேகமாகவே பார்த்தார். "சரி சார், உங்க லாரி, உங்க டிரைவர். எம்புட்டு வேகமா வர முடியுதோ வரச் சொல்லுங்க" என்று சொல்லி நானும் கேபினில் ஏறினேன். ரோஷப்பட்டு முதலாளியும் ஏறிவிட்டார்.

முதல் தடவை கேட்டுக்கு முன்னால் மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. டிரைவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை திருப்பத்தில் சக்கரம் மண்ணில் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. முப்பத்தொன்று. மூன்றாவது தடவைக்கு டிரைவர் ரிவர்ஸ் கியர் போடும்போதே முதலாளி இரண்டு கையாலும் டேஷ்போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்: "எம்-30யே போடுங்கம்மா, மொதல்ல என்னைய எறக்கி விடச் சொல்லுங்க!"

சின்ன எழுத்து

வண்டியூர்ப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரி. மேம்பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு நேராக அதன் வாசலைப் பார்த்திருக்கும். வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு எந்நேரமும் நூறு பேராவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் தூண் வைக்க வேண்டும் என்று நிர்வாகி சிஸ்டருக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி இன்ஜினியர் தங்கராசு சார் எங்களையும் இன்னொரு கம்பெனியையும் கூப்பிட்டிருந்தார். அந்தக் கம்பெனியும் எம்-30, நாங்களும் எம்-30. அவர்கள் விலை குறைவு. "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் தங்கராசு சார்.

அவர்களுடைய சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். எம்-30க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பி-3 என்று இருந்தது. எங்களுடையது பி-1. மோதின பிறகு லாரியின் சுமைப்பெட்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதைத்தான் அந்தப் 'பி' சொல்கிறது. பி-1 என்றால் ஒரு மீட்டருக்குள். பி-3 என்றால் ஏழு மீட்டருக்கு மேலே, முப்பது வரைக்கும் போகலாம். வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிப்போய், மூக்கன் அண்ணனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுமுனையோடு உள்ளே நடந்தேன். நாலு மீட்டரில் பெஞ்சு. ஒன்பதில் டோக்கன் கவுன்ட்டர். பதினேழில் மருந்துக்கடை. கூடவே நடந்து வந்த சிஸ்டர் இருபத்தாறில் நின்று, எதிரே கதவு மேலிருந்த போர்டை அண்ணாந்து பார்த்தார்: "அப்போ லாரி டோக்கன் போடாமலே ஸ்கேன் ரூமுக்குப் போயிரும்னு சொல்றீங்க."

ஊற்று

ஒன்பது தூணுக்கு ஆர்டர் எங்களுக்கே வந்தது. ஒன்பது தூணுக்கும் சேர்த்து மூக்கன் அண்ணன் ஆழமாகக் குழி எடுத்தார். மறுநாள் காலையில் போனால் குழி நிறையத் தண்ணீர். அந்த வருஷம் தெப்பக்குளம் நிறைந்து கிடந்தது, சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் ஊற்று. இறைக்க இறைக்க ஊறியது. மூன்றாம் நாள் தங்கராசு சார் வந்து, "ஆழத்துல ஒன்றரை அடி கொறைச்சுக்கிட்டா என்ன? மேல தெரியவா போகுது?" என்றார். தெரியாதுதான். லாரிக்கு மட்டும் தெரியும். சோதனையில் தாங்கியது தூண் மட்டுமில்லை, அதன் அடியிலிருந்த கான்கிரீட்டும் கம்பியும் சேர்த்துத்தான். அதில் கைவைத்தால் சான்றிதழ் வெறும் காகிதம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

தயாரிக்கிற கம்பெனியை விடாமல் போனில் பிடித்துக் கேட்டதில், ஆழம் குறைவாக, அகலமாக அஸ்திவாரம் போட்டு அதே எம்-30 பி-1 வாங்கிய இன்னொரு மாடல் இருப்பது தெரிந்தது. தூண்களைத் திருப்பி அனுப்பி, அந்த மாடலை வரவழைத்து, குழியை மூடி, வாசல் முழுக்க மறுபடி தோண்டினோம். ஊற்றுக்கு மேலேயே வேலை முடிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூக்கன் அண்ணன் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "கெணறு வெட்டத்தான் வந்தேன், இப்ப கம்மாய் வெட்டச் சொல்லிட்டீகளே தங்கச்சி."

பத்து எட்டு நடை

தூண் வைத்து ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிடத் திறப்பு விழா. அன்று காலையில், தூணுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்த மூக்கன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, கேஸ் கட்டரோட ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. நடுவுல ரெண்டு தூண அறுக்கணுமாம். நான் ஒண்ணு மேல உக்காந்திருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். வெரசா வாங்க." ஸ்கூட்டரில் பறந்து போனேன். மனுஷர் நிஜமாகவே தூண் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

விருந்தினரின் கார் வாசல்படி வரைக்கும் வரவேண்டுமாம். "ஒரே ஒரு நாளைக்குத்தான் மேடம், நாளைக்கே வெல்டு வச்சிரலாம்" என்றார் தங்கராசு சார். ஒன்பது தூணும் மண்ணுக்கடியில் ஒரே கம்பிக்கூட்டில் கோத்திருக்கின்றன, அறுத்து ஒட்டின தூணை யாரும் எங்கேயும் லாரி விட்டுச் சோதிக்கவில்லை என்று நான் கத்த, விழா பத்திரிகையே அடித்தாயிற்று என்று அவர் கத்த, சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு கட்டர்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "வைத்தியத்துக்கு வர்றவங்க எல்லாரும் இங்க நடந்துதான் வர்றாங்க. திறந்து வைக்க வர்றவரும் பத்து எட்டு நடக்கட்டும்."

பகல் பதினோரு மணி

அதற்கு நாலைந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. சிஸ்டரே போன் செய்தார். "எஸ்தர், தண்ணி லாரி ஒண்ணு வாசல்ல மோதிருச்சு. உடனே வா." எத்தனை பேருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். மூக்கன் அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெஞ்சுகள் எப்படி இருக்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய டேங்கர் லாரி. நாலாவது தூணும் ஐந்தாவது தூணும் லேசாகச் சாய்ந்திருந்தன. லாரியின் மூக்கு அவற்றைச் சுற்றி மடிந்து கிடந்தது. டேங்கரில் இருந்த தண்ணீர் வாசல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், நாலே மீட்டரில், டோக்கன் வாங்கின ஜனம் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவருக்குக்கூடக் கீறல் இல்லை. டிரைவருக்குக் கை முறிந்து, உள்ளேயே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "முன்னால இருந்தவங்க யாருக்கும் ஒண்ணுமில்லையேக்கா?" என்றுதான் அவரும் கேட்டார். இல்லை என்றதும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து டேப்பை எடுத்தேன். நம்பாமல் இரண்டு தடவை அளந்தேன். டேங்கர் தொட்டி, தூணைத் தாண்டி ஒரு சாண்கூட வரவில்லை. லாரி எவ்வளவு வேகத்தில் வந்தது, எவ்வளவு எடை என்று யாருக்கும் தெரியாது. சோதனைக் கணக்குக்கு உள்ளேயா வெளியேயா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூக்கன் அண்ணன் ஓடுகிற தண்ணீரில் முழங்கால் போட்டு, கான்கிரீட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம், எது தண்ணீர் எது கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அப்போது கையில் டோக்கனோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து என் முழங்கையைத் தொட்டார்: "இந்தத் தூணு வச்சது நீங்களாம்மா? போன வாரம் இதுல முட்டிக்கிட்டு, வச்சவங்கள வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க தாயி."

மறுபடியும் ஒன்பது

மோதின தூணுக்கு அதற்கப்புறம் சான்றிதழ் செல்லாது. ஒரு தடவை தாங்கினால் அதன் வேலை முடிந்தது. அந்த இரண்டையும் அவற்றின் அஸ்திவாரத்தையும் எடுத்துவிட்டு, மற்ற ஏழோடு கம்பியைக் கோத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றேன். இந்த முறை எதிர்ப்பேச்சே இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டர் தலையாட்டிவிட்டார்.

வேலை முடிகிற நாளில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கமிட்டி தூணைப் பார்க்க வந்திருந்தது. அவர்களுக்கு விளக்கலாம் என்று நான் போவதற்குள், தங்கராசு சார் கையில் டேப்போடு நடுவாசலில் நின்று பாடமே நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பது, பதினேழு, இருபத்தாறு என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினார். மூக்கன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் மூக்கன் அண்ணனைப் பார்த்தேன். தங்கராசு சார் குரலை உயர்த்தி முடித்தார்: "எம் நம்பர மட்டும் பாத்து ஏமாந்துராதீங்க சார், பி எம்புட்டுன்னு கேளுங்க. இத நான் அப்பவே சொன்னேன்."

ஏழு டன் லாரியை ஒரு மீட்டருக்குள் நிறுத்தும் தூண் எங்களிடம் இருக்கிறது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று கிளம்புகிறவரை நிறுத்தத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் தூண் செய்யவில்லை.