ஆசியாவும்மா கழற்றிய பல்

கல்முனைக்குடியில் பெண்ணொருத்தி மவுத்தாகிக் கண்ணை மூடினால் முதலில் ஆள் ஓடுவது பள்ளிவாசலுக்கு, அடுத்தது ஆசியாவும்மா வீட்டுக்கு. புருஷனை இழந்து, இடியப்பம் அவித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். சூறாவளி அடித்த வருசம் இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்ட ஆள் போதாமல் போக, தண்ணீர் ஊற்றப் போனவள் அப்படியே அந்தப் பணியில் நின்றுவிட்டாள். கெட்டிக்காரிதான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் அந்த மனுசிக்கு வாய் வராது. அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது.

வயற்காரரான மீராமுகைதீன் போடியாரின் பெண்சாதி மைமூனா, முரசு என்கிற பல்லீறு பழுதாகி மேற்பல் முழுவதும் விழுந்து, முப்பத்தைந்து வயதிலேயே மட்டக்களப்பில் கட்டுப்பல் போட்டுக்கொண்டவள். பல் கட்டியது ஊருக்கே தெரியும். பல்லில்லாத வாயைக் கண்டவர்தான் எவருமில்லை. கதவைத் தாழிட்டுத்தான் கழற்றிக் கழுவுவாள். கட்டிய புருஷனுக்கும் காட்டியதில்லை. இறைச்சி கடிக்க ஏலாது, முரசு உரசிப் புண்ணாகிக் கிடக்கும், அதையும் சொல்லமாட்டாள். வீம்பு பிடித்தவள், பாவம்.

அவள் மகன் ஸமட்டுக்கு ஜித்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஒருமுறை கசெட்டில் பேசி அனுப்பியிருந்தான். இங்கே தாடை எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் பல்லைப் பூட்டுகிறார்களாம். கழலாதாம், ஆடாதாம், எதையும் கடிக்கலாமாம். உம்மா மக்காவுக்கு உம்றாச் செய்ய வந்தால் கையோடு அதையும் செய்துவிடலாம் என்றான். மைமூனாவுக்கு ஆசை தாங்கவில்லை. ஒரேயொரு பயம்தான். எலும்பில் ஆணியோடு மவுத்தானால் குளிப்பாட்டு சரிவருமா? மௌலவியிடம் கேட்டிருக்கலாம். கேட்டது ஆசியாவும்மாவிடம்.

"கழட்ட ஏலாத சாமானோட எப்படிப் புள்ள அடக்குற? இரிக்கிற பல்லோடயே இரி" என்றுவிட்டாள். எந்த மார்க்கக் கிதாபில் கண்டாளோ! கழலாததை அப்படியே விட்டு அடக்கலாம் என்று மௌலவி சொன்னது பிறகுதான் ஆசியாவும்மாவின் காதுக்கு வந்தது.

மைமூனா ஆசியாவும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப ராத்தா, என்னக் குளிப்பாட்டக்குள்ள இதக் கழட்டிராதீங்க. பொக்கை வாயோட என்ன அவருக்குக் காட்டிராதீங்க."

ஆசியாவும்மா வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது மெய்யாகத்தான் கொடுத்தாள்.

எண்பத்தெட்டில் ஒரு விடியற்காலை மைமூனாவுக்கு நெஞ்சு வலி வந்து, சுபஹு பாங்குக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லீவில் கொழும்பில் வந்திறங்கிய ஸமட் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவனுக்காக அடக்கத்தை பின்னேர அஸர் தொழுகைக்குத் தள்ளிவைத்தார்கள். காலையிலேயே ஆசியாவும்மா குளிப்பாட்டினாள். விரலில் துணி சுற்றி மையித்தின் பல்லைத் துடைக்க வேண்டும், அது முறை. துடைக்கும்போது கட்டுப்பல் நெகிழ்ந்தது. கழலுவது எதையும் மையித்தில் விட்டுப் பழகாத கை, கழற்றிப் பீங்கான் தட்டில் கழற்றிய காதுத் தோட்டோடு வைத்துவிட்டது. வாய் ஓதிக்கொண்டிருந்தது, மனது வாக்கை மறந்துபோனது.

கபன் துணியிட்டு முடிந்து, இந்தத் தட்டை என்ன செய்ய என்று ஒருத்தி கேட்டபோதுதான் ஆசியாவும்மாவுக்கு வாக்கு நினைவு வந்தது. ஓடிப்போய்த் தாடையைத் தொட்டாள். இறுகிவிட்டது. பலவந்தமாகத் திறக்கலாமா? மையித்தை நோகடிக்கக் கூடாது என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

போடியார் வந்து முகத்துணியை விலக்கினார். உதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ ஒரு மனுசி கிடந்தாள். அவர் பார்வை தட்டுக்குப் போய்த் திரும்பியது. ஆசியாவும்மாவை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். துணியைத் தானே இழுத்து மூடினார். பாதைத் தூசியோடு ஸமட் உள்ளே ஓடி வந்தபோது குறுக்கே நின்றார்.

"வேணாம் மகன். முகம் பாக்காத. உம்மா விரும்பமாட்டா."

நாலு வருசமாக உம்மாவைக் காணாத பிள்ளை. கெஞ்சினான், கத்தினான். வாப்பா அசையவில்லை. மூடியபடியே சந்தூக்குப் பெட்டி போனது.

அடக்கம் முடிந்து வந்து ஸமட் நேரே ஆசியாவும்மாவிடம் போனான். அவள் அடுப்படிக் குசினிச் சுவரோடு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். கடைசியாகப் பார்த்தது நீங்கள்தானே மாமி, உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டான். என் கைதான் கழற்றியது, உனக்கு முகம் இல்லாமல் ஆக்கியது நான்தான் என்று அவன் காலில் விழ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் மையித்தில் கண்டதைக் குளிப்பாட்டியவள் வெளியில் கதைக்கக் கூடாது. சொன்னால் மைமூனாவின் வாயை இன்னொருவருக்கும் திறந்து காட்டியதாகிவிடும்.

"சிரிச்ச முகமா இருந்தா மகன்" என்றாள்.

ஸமட் குனிந்து அவளுடைய வலது கையை எடுத்து, கண்ணில் ஒற்றி ஒற்றி அழுதான். அவளுக்கு அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.