சாப்பாட்டு வேளை இங்கிலீஷ்

சுக்குத் தூளின் நெடி முதலில் வீட்டுக்குள் வரும். பின்னால்தான் அப்பா வருவார். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலை. ஏதோ ஒரு சொல் மாறிப்போனதற்காக முதலாளி ஒருநாள் எல்லார் முன்னாலும் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடியும்வரை இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு நான் வைத்த பெயர் "சாப்பாட்டு இங்கிலீஷ்".

வீட்டில் பாலக்காட்டுத் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளர்ந்த எனக்கு 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் ஒன்றுதான். வாங்கினாலும் கொடுத்தாலும் கடன் கடன்தானே. 'பிரிங்' எங்கே, 'டேக்' எங்கே என்பது அதைவிடக் குழப்பம். சோறு ஆறிப்போகும், அப்பா விடமாட்டார். இங்கிலீஷ் தெரியாத அம்மா, தான் சமைத்ததைத் தானே பரிமாறிக்கொண்டு, தன் வீட்டிலேயே வாயைத் திறக்க முடியாமல் நிற்பாள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் நாங்கள் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு சேச்சி அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, தங்கள் வீட்டுப் போனில் வந்த செய்தியைச் சொல்லியிருக்கிறாள்: பாலக்காட்டில் அம்மாவின் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வர வேண்டும்.

"ஏன்னா, பாலக்காட்டிலேர்ந்து..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். "இங்கிலீஷ்ல சொல்லு, இல்லேன்னா செத்த சும்மா இரு. பொண்ணுக்கு இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு."

எனக்கு எங்கே புரிந்தது? அப்பா சொன்ன வாக்கியத்தில் பேனாவைக் கொடுத்தவள் யார், வாங்கியவள் யார் என்று தலைகீழாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சரியாகச் சொல்லி எழுந்து, அம்மா விஷயத்தைச் சொன்னபோது, எர்ணாகுளம் போய்ப் பாலக்காட்டு ரயிலைப் பிடிக்க நேரமில்லை.

மறுநாள் போய்ச் சேர்ந்தோம். தாத்தாவுக்கு மூச்சு இருந்தது, பேச்சு நின்றிருந்தது. "ராத்திரி பூரா உன்னையேதான் கேட்டுண்டிருந்தார்" என்று மாமி அம்மாவிடம் சொன்னாள். அதோடு எங்கள் வீட்டுச் சட்டம் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. கொஞ்ச நாள் ஓய்ந்திருந்து மறுபடி தொடங்கியது.

இப்போது அப்பா இல்லை. அவர் கம்பெனிக் கிடங்கில் சுற்றுலா வந்தவர்கள் காப்பி குடிக்கிறார்கள். தப்பான சொல்லைத் திருத்த செல்போனே போதும். அம்மா மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் சுள்ளிக்கல்லில் என்னோடும் என் மகனோடும் இருக்கிறாள். போன வாரம் ராத்திரி, நாங்கள் சாப்பிட்டுக் கை அலம்பிய பிறகு, நெஞ்சு வலிக்கிறது என்றாள். அலறிப்புடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். திரும்பும்போது ஆட்டோவில், எப்போது வலி தொடங்கியது என்று கேட்டேன். சாதம் போடும்போதே என்றாள்.

"ஏம்மா அப்பவே சொல்லலை?" என்று கத்திவிட்டேன்.

"நீயும் கொழந்தையும் இங்கிலீஷ்ல பேசிண்டிருந்தேளே" என்றாள்.