இருபத்தொன்றாம் நாள் என்பது எந்த நாள்

மூன்றாம் மாடி அம்மா எலிப் பண்ணை நடத்துகிறார், மாதம் நூறு உருப்படி மருந்துக் கம்பெனிக்குப் போகிறது என்ற செய்தி சலூன் நாற்காலியில்தான் என் காதுக்கு எட்டியது. பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவர் சொன்னார். நுரைக்குள்ளிருந்து வரும் செய்திக்குத் தனி மரியாதை உண்டு. சொன்னது யாரென்று நாளைக்குக் கேட்க முடியாது. அடுத்த வாரம் போனபோது நூறு இருநூறாகியிருந்தது. சலூன்காரர் இரண்டு தடவையும் வாயைத் திறக்கவில்லை, கத்தரிக்கோல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சரி, படியேறிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பண்ணையில் இருந்தவை இரண்டு. பழைய புத்தக அலமாரியைக் குப்புறப் படுக்கவைத்துக் கம்பிவலை அடித்த கூண்டில், காய்ந்த புல்லுக்கு நடுவே, ஒரு தாயும் ஒரு மகளும். எலி இல்லை, கினிப்பன்றி. குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இரண்டும் விசில் அடிக்கும், குடைமிளகாய் வருகிறதென்று. தாய் மட்டும் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் பிதுங்கி, தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

அவருக்குப் பதிவு அலுவலகத்தில் ஏழாம் எண் கவுன்டர். பத்தொன்பது வருஷம். பிறந்த சான்று, இறந்த சான்று, பெயர்த் திருத்தம், பிழைத் திருத்தம், எது கேட்டு நீட்டினாலும் முத்திரை குத்தி ஒரே பதில் சொல்வார்: இருபத்தொரு வேலை நாள். கல்யாணத்துக்கு அவசரம் என்றாலும் அதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தாலும் அதுதான். ஊரில் அவருக்கு ‘இருபத்தொண்ணு’ என்று பெயர். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விதியை எழுதினவன் மாடியில் ஏசி அறையில் இருக்கிறான், வசவு மட்டும் ஏழாம் எண் ஜன்னலுக்கு வருகிறது என்பது அவருடைய நெடுநாள் எரிச்சல். அப்படி ஒருநாள் வயிறெரிந்து வீடு திரும்பும் வழியில், வளர்ப்புப் பிராணிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எதையும் விண்ணப்பிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு ஜீவனைப் பார்த்து வாங்கி வந்துவிட்டார்.

கடைக்காரர் சொன்ன விவரம்: பெண், ஒண்டிக்கட்டை, தொந்தரவே இல்லை. அதில் பெண் என்பது மட்டும் உண்மை. வந்த ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூண்டில் மூன்று குட்டிகள், கண் திறந்து, மயிர் முளைத்து, பிறந்த அன்றே ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, ஒன்று வாங்கினால் மூன்று இலவசம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

இங்கே குடியிருப்புச் செயலாளர் வருகிறார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார். விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை, கழுத்திலேயே இருக்கிறது. சங்கத்தின் விதிப்படி ஒரு வீட்டுக்கு இரண்டு பிராணி. மூன்றாவது ஒன்று தென்பட்டால் மொத்தமும் வெளியே. குட்டிகள் விஷயத்தில் மட்டும் பெரிய மனசு பண்ணி, பால் குடி மறக்கும் வரை பொறுப்பதாகச் சொன்னார்.

கால்நடை மருத்துவர் குட்டிகளைப் புரட்டிப் பார்த்து, இரண்டு ஆண், ஒன்று பெண் என்றார். ஆண்களை இருபத்தொரு நாளில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். முன்னால் பிரித்தால் பால் போதாது, பின்னால் பிரித்தால் வேறு வம்பு. பெண் குட்டி தாயோடேயே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இந்த ஜாதி தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். கேட்ட அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாயும் மகளும் இரண்டு. விதி இரண்டு. அண்ணன் தம்பியைச் சலூன்காரர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கோப்பு இவ்வளவு சுத்தமாக அமைந்ததை அவர் பார்த்ததில்லை.

மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுத்தது மூன்றே சொல்: ஆண், 21 நாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்த அலுவலக நாள்காட்டியை எடுத்தார். அதில் சனி, ஞாயிறெல்லாம் சிவப்பு மையால் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கும். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று விரல் வைத்து எண்ணி, ஐந்தாவது வாரத் திங்கட்கிழமையில் வட்டம் போட்டார். கை போட்டது; மூளையை யாரும் கூப்பிடவில்லை.

தினமும் சமையலறைத் தராசில் குட்டிகளை நிறுத்து நோட்டில் எழுதினார். ஆண் குட்டி இருநூற்றைம்பது கிராம் வந்தால் போதும், பிரித்துவிடலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டும் பதினெட்டாம் நாளே வந்துவிட்டன. அம்மா எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் தேதி வராமல் கோப்பு நகராது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது.

ஒரு சாயங்காலம் மீட்டர் ரீடராக இருக்கும் கணவர் கூண்டருகே குனிந்தார். கணக்கெடுத்துப் பழகிய கண்.

“ஏம்மா, பெரியவன் அம்மாவையே சுத்திச் சுத்தி வர்றானே. இடுப்பை ஆட்டிக்கிட்டு ஏதோ உறுமறான் பாரு.”

“பசிக்குது அதுக்கு. பால் குடிக்கிற புள்ளை அம்மாவைத்தான் சுத்தும்.”

“குட்டிக்கு மூணு வாரம்னாரு டாக்டர். நம்ம பயலுக்கு இருபத்தாறு வருஷம் முடிஞ்சுது, இன்னும் உன்னைத்தான் சுத்துறான், சோத்துக்கு.”

உள்ளேயிருந்து மகன், தன் விஷயம் வேறு கோப்பு, இதோடு சேர்க்கவேண்டாம் என்று குரல் கொடுத்தானாம்.

வட்டம் போட்ட திங்கட்கிழமை, அரை நாள் விடுப்பு எடுத்து, அண்ணன் தம்பியை அட்டைப்பெட்டியில் வைத்துச் சலூனில் ஒப்படைத்தார். இன்றும் அவை கண்ணாடிக்குப் பின்னால் மரப்பெட்டியில் இருக்கின்றன. ஊர் பேசிய ஏற்றுமதி மொத்தமும் அந்த இரண்டுதான். நுரைக்காரரை ஏன் மறுக்கவில்லை என்று சலூன்காரரைக் கேட்டேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது வாடிக்கையாளரோடு வாதாடுவது தொழில் தர்மம் இல்லையாம்.

ஐந்து வாரம் கழித்துத் தாய் பிதுங்க ஆரம்பித்தது. குடைமிளகாய் கூடிவிட்டது என்று அம்மா முதலில் குறைத்துப் பார்த்தார். குறையவில்லை. மருத்துவர் வயிற்றைத் தடவி, மூன்று தலை தட்டுப்படுகிறது என்றார். மகள் தப்பித்தது, அந்த மட்டும் அதிர்ஷ்டம். இவருக்கு வந்ததே கோபம். இருபத்தொண்ணுன்னு சொன்னீங்க, சரியா இருபத்தொண்ணுல பிரிச்சேன், ஒரு நாள் தவறலை என்று நாள்காட்டியை மேசைமேல் விரித்துக் காட்டியிருக்கிறார். மருத்துவர் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, அதுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதும்மா.”

இருபத்தொன்பது நாள். எட்டு நாள் தாமதம். மூன்று வாரம் தாண்டிய ஆண் குட்டிக்கு அம்மா என்றும் தெரியாது, தங்கை என்றும் தெரியாது. எட்டு நாள் தாராளம். நடுவில் அரசு விடுமுறை எதுவும் வராததால் எட்டோடு போயிற்று.

நான் படியேறிப் போனது இந்தக் கட்டத்தில்தான். அவர் சுவரைப் பார்த்துப் பேசியதன் காரணம் புரிந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது என்பதுதான் அவருடைய பிரச்சினை. கடைக்காரர்மேல் பட்டாயிற்று. மருத்துவர்மேல் பட்டாயிற்று. கணவர்மேல் வழக்கம்போல். மிச்சம் ஒரு ஆள்தான், அவரைத் திட்டப் பத்தொன்பது வருஷமாக ஊரே வரிசையில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய கவலை செயலாளர். இரண்டாவது பிரசவத்துக்கும் பொறுப்பாரா? பொறுக்காவிட்டால் தாயும் மகளும் வெளியே. இதில் ஒரு பழைய கதையும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் செயலாளர் தன் பிறந்த தேதியில் ஒரு பிழையைத் திருத்த ஏழாம் கவுன்டரில் மனுக் கொடுத்தார். சொன்னபடி இருபத்தொன்றாம் நாள் போய் நின்றார். வேலை நாள் சார், இன்னும் எட்டு நாள் கழிச்சு வாங்க என்று அம்மா தலை நிமிராமல் திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் இல்லாமல் அவருடைய ஓய்வூதியம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

நேரில் கேட்கத் துணிவில்லாமல் அம்மா மனுவாக எழுதிக் கொடுத்தார். செயலாளர் அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதியனுப்பினார்: ‘குட்டி பிறந்ததிலிருந்து 21 நாள். நாள் என்றால் நாள்.’

குட்டிகள் ஒரு சனிக்கிழமை பிறந்தன, இரண்டு பெண், ஒரு ஆண். இந்த முறை அம்மா அலுவலக நாள்காட்டியைத் தொடவில்லை. கூண்டின் பக்கப் பலகையில், சிறைக்கைதி மாதிரி, நாளுக்கு ஒரு கோடு கிழித்தார், ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைத் தடிமனில். இருபதாம் நாள் ஐந்தாம் கவுன்டர் பெண்மணி இரண்டு பெண் குட்டிகளையும் எடுத்துக்கொண்டுபோனார். ஆணை மருத்துவரின் உதவியாளர் கேட்டிருந்தார். இருபத்தொன்றாம் நாள் விடிந்ததும் அதைப் பிரித்து, மகன் அறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் விட்டுவிட்டு, அம்மா மருத்துவமனைக்குப் போன் போட்டார். பதிவு செய்யப்பட்ட குரல் பதில் சொன்னது: சனி, ஞாயிறு விடுமுறை, வேலை நாட்களில் தொடர்புகொள்ளவும்.

அந்தக் குரலை அவர் மூன்று தடவை கேட்டாராம். தன் குரல் மாதிரியே இருந்தது என்றார்.

சாயங்காலம் விசில் சத்தம் படியேறி வந்தது. செயலாளர் கூண்டைப் பார்த்து இரண்டு என்றார். அதே சமயம் மகன் அறையிலிருந்து கூடை விசில் அடித்தது. ஒரு விசில்காரர் இன்னொரு விசிலைக் கேட்டால் சும்மா போவாரா? போய்ப் பார்த்து, மூன்று என்றார்.

“திங்கட்கிழமை காலைல போயிடும் சார். ரெண்டே நாள்.”

“வேலை நாளா?”

பத்தொன்பது வருஷத்தில் கவுன்டருக்கு வெளியே நின்றது அன்றுதான் என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னார், எரிச்சலோடுதான்.

செயலாளர் கூடைக்குள் விரலை விட்டார். குட்டி நக்கிப் பார்த்தது. அவர் கொஞ்சநேரம் விரலை எடுக்கவில்லை.

“அம்மாவும் பொண்ணும் இருக்கட்டும். ஆனா கணக்கு கணக்குதாம்மா. அன்னிக்குக் கவுன்டர்ல என்னைத் திருப்பி அனுப்பின எட்டு நாள் ஏற்கெனவே பாக்கி. இந்த ரெண்டையும் சேர்த்தா பத்து.”

திங்கட்கிழமை குட்டி போய்விட்டது. தாயும் மகளும் குடைமிளகாய்க்கு விசில் அடித்துக்கொண்டு சட்டப்படி இருக்கின்றன. போன வாரம் செயலாளரின் மனைவி பெயரில் ஓர் எழுத்துத் திருத்தம் ஏழாம் கவுன்டருக்கு வந்திருக்கிறது. பத்து நாளைக் கழித்துக்கொண்டு பதினொன்றாம் நாள் கொடுத்துவிடு என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்கிறார். விதியில் கழிப்பதற்கு இடமில்லை சார் என்று அம்மா சொல்கிறார், சொல்லிவிட்டு வேகமாகப் படியேறிவிடுகிறார். பத்து நாள் அப்படியே நிற்கிறது.